லிஃப்ட் மெக்கானிக் மனைவிக்கு ஒரு முழு சாயங்காலம்

என் தம்பி மனைவியைப் பற்றி யாரும் எழுதப்போவதில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறவளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. நாத்தனார் நான் சொல்கிறேன், அவள் மகள் எழுதுகிறாள். தன்னைப் பற்றி வருகிற இடத்தில் அவள் ஒரு வரியை விட்டுவிட்டால்கூடத் திரும்பப் படிக்கச் சொல்லும்போது பிடித்துவிடுவேன்.

அந்தக் கூடத்தை நான் ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கிறேன். கொடி கிடையாது, வெயில் கிடையாது. ஈரத்துணி இந்தப் பக்கம் உருளைக்குள் போகிறது, அந்தப் பக்கம் காகிதம் மாதிரி விறைப்பாக, கை பொசுங்குகிற சூட்டோடு வருகிறது. இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து ஒரு உதறு, இரண்டு மடிப்பு, எதிரெதிரே நடந்து வந்து முனையைக் கொடுத்து இன்னொரு மடிப்பு. ஒரு ஷிஃப்டுக்கு நானூறு விரிப்பு. கடைசி விரிப்பின் ஓரமும் முதல் விரிப்பின் ஓரமும் அச்சடித்த மாதிரி ஒன்றாக இருக்க வேண்டும் அவளுக்கு. இல்லையென்றால் பிரித்து மறுபடி மடிப்பாள். கூட மடிக்கிறவளுக்கு எரிச்சலாக வரும்.

புருஷன், அதாவது என் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். இந்த ஊரில் பாதிக் கட்டடங்கள் அவன் கைபட்டு ஏறி இறங்குகின்றன. நல்லவன். குடி கிடையாது, கோபம் கிடையாது. ஆனால் லிஃப்ட் எப்போது நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? நின்றால் உள்ளே மனுஷர்கள் இருப்பார்கள். ஃபோன் வரும். போய்விடுவான். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்து எத்தனையோ தடவை வெளியே கிளம்பியிருக்கிறார்கள். ஒரு தடவைகூடச் சேர்ந்து வீடு திரும்பியதில்லை. இவள் தனியாகத்தான் வருவாள், கைப்பையை மேஜையில் வைப்பாள், போய் முகம் கழுவுவாள்.

போன மாதம் மகளுக்கு வேலையில் ஒரு படி ஏற்றம் கிடைத்தது. அப்பாவையும் அம்மாவையும் ஒரு நாள் சாயங்காலம் வெளியே கூட்டிப் போகிறேன் என்றாள். ஐந்து மணிக்கு, மேல்மாடி திறந்த பஸ்ஸில் ஊர் சுற்றிப் பார்ப்பது. ஏழு மணிக்கு, புதுமாதிரி காக்டெயில் பார் ஒன்றில் உட்கார்வது. தம்பி மனைவி நேராகப் புருஷனைப் பார்த்தாள்.

"ஒரே ஒரு தடவைங்க. கடைசி வரைக்கும் கூட உக்காரணும். முடியுமா முடியாதா, இப்பவே சொல்லிடுங்க. முடியாதுன்னா நான் கிளம்பவே இல்ல."

"முடியும்மா. டூட்டிய எங்க ஆபீஸ் சுருட்டைகிட்ட மாத்திட்டேன். ஃபோனையும் வீட்டுலயே வெச்சிடுறேன், போதுமா? கைய வீசிக்கிட்டு வரேன்."

என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். அப்புறம் யாரால் என்ன சொல்ல முடியும்?

கிளம்பும்போது அவள் அவன் சட்டைப்பை, கால்சட்டைப்பை எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தாள். கைக்குட்டை, சீப்பு, கண்ணாடிக் கூடு. வேறொன்றும் இல்லை. "போலீஸ்காரி தோத்தா" என்று சிரித்துக்கொண்டே கையைத் தூக்கி நின்றான்.

பஸ்ஸின் மேல்தட்டில் காற்று நன்றாக வந்தது. முன்னால் ஒரு பெண் மைக்கைப் பிடித்து நின்றாள். "உங்கள் இடது பக்கம் தெரிவது பழைய நகரமன்றம். நூற்றுப்பத்து ஆண்டுகள் பழமையானது" என்றாள்.

"ஆறு பேர் வண்டி" என்றான் தம்பி எங்களிடம். லிஃப்டை அவன் வண்டி என்றுதான் சொல்வான். "ரெண்டாவது மாடியில எப்பவும் ஒரு விரக்கடை கீழதான் நிக்கும். எத்தன தடவ சரி பண்ணினாலும் திரும்பவும் அதே."

அவன் மனைவி கட்டடத்தை அண்ணாந்து பார்த்தாள். "இதுதானா அது? பாப்பாவோட முதல் பிறந்தநாளைக்கு, மெழுகுவத்தி ஏத்தி வெச்சிட்டு ஓடினீங்களே?"

"நாலு பேர் உள்ள மாட்டிக்கிட்டாங்கம்மா."

"வீட்டுல பன்னெண்டு பேர் மாட்டிக்கிட்டோம். மெழுகு உருகி கேக் மேல எல்லாம் ஒழுகிடுச்சு."

பஸ் திரும்பியது. மைக் பிடித்த பெண் ஒரு வங்கியின் தூண்களைக் காட்டினாள். தம்பி அதில் கயிறு மாற்றிய கதையை ஆரம்பித்தான். "தெரியும். என் தங்கச்சி கல்யாணம்" என்றாள் மனைவி. அடுத்தது ஆற்றோரத்து ஓட்டல். அவன் வாயைத் திறக்கவில்லை. அவளே சொன்னாள்: "கல்யாணமான ஒம்பதாம் நாள். சினிமா இடைவேளை. முறுக்கிவிட்ட மீசையோட 'அஞ்சே நிமிஷம்'னு போனாரு. படம் முடிஞ்சு, விளக்கெல்லாம் அணைச்சு, வாசல்ல வந்து நின்னேன்."

எங்களுக்கு முன் இருக்கையில் காமிராவோடு ஒரு கணவன் மனைவி. வெளியூர்க்காரர்கள். மைக்கைக் கேட்பதை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பியே உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு மணிக்கூண்டு வந்தது. அந்த அம்மாள் ஆவலாக, "இது எந்த விசேஷத்துக்குங்க?" என்று கேட்டாள்.

"இதுக்கு ஒண்ணுமில்ல. இதுல படிக்கட்டு மட்டும்தான்" என்றான் தம்பி.

"மணிக்கூண்டு நல்ல மனுஷன்" என்றாள் அவன் மனைவி. எல்லாரும் சிரித்தோம். அவளும்தான். சண்டை போடுகிற தொனியில் அவள் சொல்லவில்லை, அதைச் சரியாக எழுது. மடித்து வைத்த துணியை அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிற மாதிரி சொன்னாள்.

பாலத்தின் மேல் பத்து நிமிஷம் பஸ்ஸை நிறுத்தினார்கள். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் செம்பு நிறமாக இருந்தது. ஆற்றில் லிஃப்ட் கிடையாது. இரண்டு பேரும் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிச் சும்மா நின்றார்கள். மகள் படம் எடுத்தாள். அந்தப் படத்தில் தம்பி மனைவியின் தோள் இறங்கி இருக்கும். அவளுக்குத் தோள் எப்போதும் காதுக்குப் பக்கத்தில்தான் இருக்கும், விரிப்பைத் தூக்கித் தூக்கி. அன்றைக்கு இறங்கியிருந்தது.

ஏழு மணிக்கு ஒரு குறுகலான தெருவுக்குள் மகள் கூட்டிப் போனாள். பெயர்ப்பலகை எதுவும் இல்லை. பழைய கட்டடம், காலி முன்கூடம், எதிரே பச்சை வர்ணம் அடித்த ஒரு லிஃப்ட் கதவு. அதன் மேல் ஒரு பலகை தொங்கியது. எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் தம்பி அதைப் படித்தபோது அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். மகள் குறும்பாகச் சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தக் கை நீட்டினாள். தம்பி அந்தக் கையைத் தட்டிவிட்டான். தன் மகளை அவன் கை ஓங்கித் தொட்டது அன்றைக்குத்தான்.

"தொடாத! 'பழுது, வேலை நடக்கிறது'ன்னு போர்டு தொங்குது பாரு. உள்ள ஆள் இருப்பான்."

"அப்பா, அது சும்மா..."

"போர்டு சும்மா தொங்காது."

கதவுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டான். எங்களுக்குப் பின்னால் மூன்று இளசுகள் பளபளவென்று உடுத்திக்கொண்டு வந்தார்கள். ஒருவன் தம்பியைப் பார்த்து, "சார், எங்க பேர் லிஸ்ட்ல இருக்கு" என்றான்.

"எந்த லிஸ்ட்ல இருந்தாலும் இதுல ஏற முடியாது."

"முன்பதிவு பண்ணியிருக்கோம் சார்."

"லிஃப்டுக்கா? போப்பா, படியில போ."

மகள் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்போதே உடைத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இந்த வரியை விடாதே, எழுது. தம்பி கதவில் காதை வைத்தான். உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டி, "யாரும்மா உள்ள?" என்று கூப்பிட்டான்.

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "இடமே இல்லைங்க. பத்து நிமிஷம் பொறுங்க."

"எத்தன பேர் இருக்கீங்க?"

"இருபத்திரெண்டு பேர்."

"இருபத்திரெண்டா! இது எட்டு பேர் வண்டியாச்சே! யாரும் குதிக்காதீங்க! கதவுல சாயாதீங்க! நான் வந்துட்டேன்!"

சொல்லிக்கொண்டே கண்ணாடிக் கூட்டைத் திறந்தான். கண்ணாடிக்கு அடியிலிருந்து அவனுடைய முக்கோணச் சாவி வந்தது. வெளியிலிருந்து லிஃப்ட் கதவைத் திறக்கிற சாவி, மெக்கானிக் மட்டும் வைத்திருப்பது. கதவின் மேல்மூலையில் இருந்த துளையில் விட்டுத் திருகினான், கதவு சரக்கென்று ஒதுங்கியது.

உள்ளே கயிறும் இல்லை, குழியும் இல்லை. கம்பளம் விரித்த ஒரு கூண்டு. உயரமான முக்காலியில் ஒரு பெண், மடியில் பெரிய நோட்டு. அவளுக்குப் பின்னால் திரை. திரைக்கு அந்தப் பக்கம் மெல்லிய விளக்கு, பேச்சு, கண்ணாடிக் கோப்பைச் சத்தம். பாருக்கு வாசலே அதுதான். பழைய லிஃப்டை வாசலாக்கி, பழுது என்று பலகை மாட்டி, தெரிந்தவர்கள் மட்டும் பொத்தானை அழுத்தி வருகிற விளையாட்டு. அந்தப் பெண் முக்காலியிலிருந்து விழாத குறை. "இத இதுவரைக்கும் யாரும் வெளியிலேர்ந்து திறந்ததே இல்லைங்க" என்றாள். மூன்று இளசுகளும் கை தட்டினார்கள். தம்பிக்கும் சிரிப்பு வந்தது, மனைவியைப் பார்க்கும் வரை.

"அந்தச் சாவி எங்கேர்ந்து வந்துச்சு?"

"அது... பழக்கம்மா. சும்மா கூட இருக்கட்டும்னு."

"கைய வீசிக்கிட்டு வரேன்னீங்க."

"உள்ள ஆள் மாட்டிக்கிட்டாங்கன்னு நெனச்சேன்."

"நெனப்பீங்க. நீங்க எங்க வந்தீங்க? உங்க வேலைதான் சட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கு." அவள் தெருப்பக்கம் திரும்பிவிட்டாள். கைப்பை தோளில் ஏறிவிட்டது. தோளும் காதுக்கு ஏறிவிட்டது.

நான் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். "பஸ்ல உக்காந்து என் இடுப்பு ஒடிஞ்சு கிடக்கு. எனக்கு இப்ப ஒரு நாற்காலி வேணும். சண்டைய உள்ள வந்து போடு" என்றேன்.

"விடுங்க அண்ணி."

"விடமாட்டேன்."

என் பிடியிலிருந்து கையை உருவிக்கொள்ள இன்னும் யாரும் பிறக்கவில்லை. உள்ளே போனோம். அதற்குள் ஒரு மேஜை காலியாகியிருந்தது.

நீளமான, ஒடுக்கமான அறை. மேஜைக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன புட்டிகள், மருந்துக்கடை மாதிரி, சொட்டுவிடும் குழாய் வைத்தவைகூட இருந்தன. பானம் கலக்குகிறவன் சட்டைக் கையை மடித்து விட்டிருந்தான், ஒரு விரலில் பிளாஸ்திரி. செங்கல் அளவு பனிக்கட்டியை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தான். அவ்வளவு தெளிவான பனிக்கட்டியை நான் பார்த்ததில்லை, அந்தப் பக்கம் இருந்த அவன் பெல்ட் தெரிந்தது. பட்டியல் என்று ஒன்று கிடையாதாம். நமக்கு என்ன ருசி, என்ன வாசனை பிடிக்கும் என்று கேட்டு, அதற்கு ஏற்றபடி கலந்து தருவானாம்.

"அத்தை, உங்களுக்குச் சாராயம் இல்லாம ஏதாவது சொல்லட்டுமா?" என்றாள் மகள்.

"இவ்வளவு தூரம் வந்தாச்சு. இவங்களுக்கு ஊத்துறதுதான் எனக்கும்" என்றேன். இஞ்சிக் காரம் வேண்டும் என்றேன். தம்பி கசப்பாக, சின்னதாகப் போதும் என்றான். தம்பி மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு என்ன வாசனைம்மா பிடிக்கும்?" என்றான் கலக்குகிறவன்.

"வெயில்ல காஞ்ச துணி" என்றாள். வேண்டுமென்றே கஷ்டமாகச் சொன்னாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவன் சிரிக்கவில்லை. பனிக்கட்டி ரம்பத்தைக் கீழே வைத்து, மோவாயைத் தடவி, "அஞ்சு நிமிஷம் குடுங்க" என்றான்.

"இங்கயும் அஞ்சு நிமிஷமா" என்றாள்.

நான் சமாதானம் பண்ணுகிறேன் பேர்வழி என்று அப்போது ஒரு காரியம் செய்தேன். "அவன் மேல கோச்சுக்காத. சின்ன வயசுல ஒரு தடவை இவன் லிஃப்ட் குழிக்குள்ள வேலை பார்க்கறப்ப யாரோ போர்டைக் கழட்டிட்டு பொத்தானை அமுக்கிட்டான். வண்டி கீழ இறங்குது. இவன் மல்லாக்கப் படுத்துட்டான். மூக்குக்கு மேல ஒரு சாண் இடம் விட்டு நின்னுச்சாம். அதுலேர்ந்து போர்டைப் பார்த்தா இவனுக்குப் பதறும்" என்றேன்.

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். அவள் மெதுவாக அவன் பக்கம் திரும்பினாள்.

"எப்ப நடந்துச்சு இது?"

"பாப்பா பொறக்கறதுக்கு முன்னாடி."

"அப்ப நான் இருந்தேன்ல? கல்யாணம் ஆகி வீட்டுல இருந்தேன்ல? அண்ணிகிட்ட சொல்லத் தெரியுது. எங்கிட்ட சொல்ல வாய் வரல."

"நீ அப்புறம் வேலைக்கே அனுப்ப மாட்டியேன்னு..."

நான் செய்த சமாதானம் அந்த லட்சணத்தில் இருந்தது. கோப்பைகள் வந்தன. என்னுடையது முதல் வாயில் நெஞ்சைப் பிடித்தது, இரண்டாவது வாயில் நன்றாக இருந்தது. அவளுக்கு வந்ததன் மேல் ஏதோ இலையைக் கொளுத்தி அணைத்து, ஒரு பழத்தோலைப் பிழிந்து மூடி வைத்திருந்தான். அவள் மூடியைத் திறந்து முகர்ந்தாள். கலக்குகிறவன் கையைத் துடைத்துக்கொண்டே காத்திருந்தான்.

"துணி வாசனை இல்ல" என்றாள். ஒரு மிடறு குடித்தாள். "ஆனா வெயில் இருக்கு."

அவன் பரீட்சை தேறிய பையன் மாதிரி தலையாட்டிவிட்டுப் போனான்.

அப்போதுதான் அந்தச் சத்தம். சுவர் மூலையில் ஒரு சின்னக் கதவு இருந்தது. கீழே கழுவுகிற இடத்திலிருந்து கோப்பைகளை ஏற்றிவிடுகிற சாமான் லிஃப்ட் அதற்குள். மேலே வந்து நிற்கும்போது டொக்கென்று ஒரு இடி இடித்தது. தட்டு முழுக்கக் கோப்பைகள் கலகலவென்று ஆடின. தம்பியின் கழுத்து விறைத்ததை நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். அவன் திரும்பவில்லை. சிறிது நேரம் கழித்து மறுபடியும் டொக். இந்தத் தடவை ஒன்று உடைந்தது.

வாசலில் இருந்த பெண் விஷயத்தைச் சொல்லியிருப்பாள் போல. கலக்குகிறவன் எங்கள் மேஜைக்கு வந்து குனிந்தான். "சார், நீங்க லிஃப்ட் வேலை பார்க்கறவராமே? ரெண்டு வாரமா இப்படித்தான் இடிக்குது. யார் யாரோ வந்து பார்த்துட்டாங்க. நீங்க ஒரு அஞ்சு நிமிஷம் பார்த்தீங்கன்னா..."

தம்பி மனைவி கோப்பைக்கு அடியில் இருந்த துணிக் கைக்குட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். முனைக்கு முனை, ஓரத்துக்கு ஓரம். என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மகளும் சிரிக்கவில்லை.

தம்பி கலக்குகிறவனை நிமிர்ந்து பார்த்தான். "அதுல ஆள் யாராவது ஏறுறாங்களா?"

"ஐயோ, இல்ல சார். கோப்பை மட்டும்தான்."

"கோப்பைதானே." நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. "திங்கக்கிழமை எங்க ஆபீசுக்கு ஃபோன் பண்ணுங்க தம்பி. வந்து பார்த்துத் தரேன். இன்னிக்கு நான் என் சம்சாரத்தோட வந்திருக்கேன்."

கலக்குகிறவன் போய்விட்டான். அவள் கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருந்தாள். இதற்குமேல் மடிக்க அதில் இடமில்லை.

"நீ மட்டும் என்னவாம்? இங்க வந்தும் துணிதானே மடிக்கிற?" என்றான் தம்பி.

அவள் கையைப் பார்த்தாள். உதறிப் போட்டாள். "ஏங்க" என்றாள்.

"ம்?"

"அது ஏன் அப்படி இடிக்குதுன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியாது."

"பொய்."

"தெரியும்."

"சொல்லாதீங்க." தன் கோப்பையை அவன் பக்கம் தள்ளினாள். "இதக் கொஞ்சம் குடிச்சுப் பாருங்க."

குடித்துப் பார்த்தான். வாயில் வைத்த நேரம் டொக்கென்றது. அவன் தோள் துள்ளியதில் பாதி சட்டையில் கொட்டியது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதற்கப்புறம் நாங்கள் நான்கு பேரும் அந்தச் சின்னக் கதவையே பார்த்துக்கொண்டு அடுத்த இடிக்குக் காத்திருந்தோம். இடிக்கும்போதெல்லாம் அவன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொள்வான். அவள் அந்தக் கைமேல் தன் கையை வைத்து, "உக்காருங்க, உக்காருங்க" என்பாள், எழுந்திருக்காதவனைப் பார்த்து. அந்தக் குழிக்குள் எவ்வளவு நேரம் படுத்திருந்தீங்க என்று கேட்டாள். அவன் சொன்னான். பயந்தீங்களா என்று கேட்டாள். அதையும் சொன்னான். எனக்கே சொல்லாதது அது. நான் காதில் விழாத மாதிரி பனிக்கட்டியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

எட்டரை மணி ஆனபோது மகள் கைப்பையை எடுத்தாள். "போலாமாம்மா?"

"எங்க போறது? நாங்க உக்காந்திருக்கோம்" என்றாள் தம்பி மனைவி. "நீயும் அத்தையும் வேணும்னா முன்னாடி போங்க."

என்னைப் போகச் சொல்கிறாளாம். கலக்குகிறவனைக் கூப்பிட்டு எனக்கும் இன்னொன்று போடச் சொன்னேன், காரம் கொஞ்சம் தூக்கலாக.